பழசை விடச் சொல்லும் 6,500 ரூபா பட்டறை: போய் வந்தவள் சொல்கிறேன்

பரந்தன் சந்தி தொடக்கம் கிளிநொச்சி பஸ் நிலையம் வரை மதில், லைட் கம்பம் என்று ஓர் இடம் விடாமல் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் போஸ்டரை இந்தப் பக்கத்து ஆட்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் தன்முன்னேற்றப் பட்டறை ஒன்றுக்கான போஸ்டர் அது. ‘கடந்ததை விடு, உச்சத்தைத் தொடு’ என்று பெரிய எழுத்து, கீழே கோட் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பார். போகலாமா அக்கா, காசுக்குத் தகுமா என்று இதுவரை ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், அது அவர்களின் பிழைப்பு. அதோடு இதே சரக்கை வேறு வேறு பெயரில் விற்கிறவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது.

சொல்கிறவள் எந்தப் பக்கம் நின்று சொல்கிறாள் என்று தெரியாமல் ரிவியூ படித்துப் பிரயோசனம் இல்லை, எனவே என்னைப் பற்றியும் கொஞ்சம். பரந்தன் பக்கம் வீடு, வயது 41. வறுத்த மிளகாய்த்தூள், சரக்குத்தூள், சத்துமா செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். கனடாவுக்கும் கொஞ்சம் போகிறது, அதாவது ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டிக்குள் போகிறது. அதற்கு முதல் மூன்று வருசம் ஒரு தொண்டு நிறுவனத்தில் உளசமூக உத்தியோகத்தராக வேலை பார்த்தேன், ஆகவே மனசு, காயம், ஆற்றுப்படுத்தல் என்று யாராவது மைக்கைப் பிடித்தால் காது தானாகக் கூர்மையாகிவிடும். சந்தேகத்தோடுதான் போனேன், அதை ஒளிக்கவில்லை. பிறகேன் போனாய் என்றால், ஜேர்மனியில் இருக்கும் தங்கச்சி எனக்குச் சொல்லாமலே காசைக் கட்டிவிட்டு ரசீதை அனுப்பியிருந்தாள். “எத்தனை வருசமா அதே தாச்சியிலயே வறுத்துக்கொண்டிருக்கிறாய்” என்று கீழே ஒரு வரி வேறு.

சரி, ஏற்பாட்டைச் சொல்கிறேன். காலை 8.30க்குத் தொடக்கம், பிந்தி வருகிறவர் தன் எதிர்காலத்துக்கே பிந்துகிறார் என்று அதற்கு முந்தின இரவே மெசேஜ் வந்தது. 9.50க்குத்தான் மைக் வேலை செய்தது. மண்டபம் நல்லது, ஃபான் எல்லாம் ஓடியது, மலசலகூடம் துப்புரவு. 34 பேர் வந்திருந்தோம், முக்கால்வாசி பெண்கள், பின்வரிசையில் ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு இருக்கிற பெடியள் ஏழெட்டுப் பேர். சாப்பாட்டுக்கு முழு மார்க். முதல் நாள் கத்தரிக்காய்ப் பால்கறியும் பயற்றங்காய்ப் பிரட்டலும், மற்ற நாள் கோழி. அந்தக் கோழிக்கறிக்குப் போட்ட தூள் என்னுடையது இல்லை, ஆனால் என்னுடையதை விட நல்லது, ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக் கையேடு என்று மினுமினுத்த தாளில் ஒரு புத்தகம் தந்தார்கள், பக்கத்துக்குப் பக்கம் யாரோ வெள்ளைக்காரர் மலையுச்சியில் ஏறி நின்று கையை விரிக்கிற படம். வன்னியில் அப்படி ஒரு மலையே இல்லை. ஆகக் கூடினால் இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நிற்கலாம்.

பயிற்றுநர், போஸ்டரில் கோட் போட்டு நின்ற ஆள்தான், கொழும்பிலிருந்து வந்தவர். குரல் நல்ல குரல், பேச்சு தங்குதடை இல்லை, ஆட்களைச் சிரிக்க வைக்கத் தெரிகிறது, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் சொன்ன கதைகள்! சின்ன வயதில் கயிற்றில் கட்டிய யானைக் குட்டி வளர்ந்து பெரிதான பிறகும் அதே கயிற்றை அறுக்காது என்று ஒரு கதை, எல்லோரும் கேட்டதுதான். என் பக்கத்தில் இருந்தவர் ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி, போன போகத்தில் யானை இறங்கி ஒன்றரை ஏக்கர் நெல்லைத் தின்று மிதித்துவிட்டுப் போனதாம். அவர் மெதுவாக என்னிடம், “இங்க யானை வெடிக்கும் நிக்குதில்லை, மின்சார வேலிக்கும் நிக்குதில்லை, இவர் கயித்தைச் சொல்லுறார்” என்றார். அதற்குப் பிறகு இடைவேளை வரைக்கும் எனக்குச் சிரிப்பை அடக்குகிற வேலைதான்.

மனிதன் தன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்றார். இது பொய். மூளையைப் படம் பிடித்துப் பார்க்கிற மருத்துவம் வந்து எவ்வளவு காலம், நித்திரையில்கூட மூளை முழுக்க வேலை செய்கிறது என்று தெரியும். அப்புறம், 21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றார். இதற்கு ஒரு வேர் இருக்கிறது. மெக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், முகத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாளாவது எடுக்கிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பிறகு லண்டனில் 96 பேரை வைத்து ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள், ஒரு பழக்கம் படிய சராசரி 66 நாள், ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இதை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், 21 நாளில் மாறவில்லையே என்று 22ஆம் நாள் தன்னைத்தானே திட்டுகிற ஆட்களை நான் வேலை செய்த காலத்தில் பார்த்திருக்கிறேன். ஏற்கனவே தன்னில் நம்பிக்கை இல்லாத ஆளுக்கு இந்தக் கணக்கு இன்னொரு தோல்வி.

இரண்டாம் நாள் காலையில் எரிப்பு. போஸ்டரில் ‘விடுதலைத் தீ’ என்று போட்டிருந்தது இதைத்தான். ஆளுக்கொரு தாள் தருவார்கள், உங்களைப் பின்னுக்கு இழுக்கிற கடந்த காலத்தை எழுதவேண்டும், பிறகு வெளியே வேப்பமரத்தடியில் வைத்திருக்கும் தகர வாளிக்குள் வரிசையாகப் போய்ப் போட்டு, “நான் விட்டுவிட்டேன்” என்று சத்தமாகச் சொல்லவேண்டும். பின்னணியில் புல்லாங்குழல். சிலர் அழுதார்கள், அழுத பிறகு முகம் தெளிந்ததையும் கண்டேன், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். எழுதுவதில் பலன் இருக்கிறது. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள், மனதை அழுத்துகிற ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அதனால் பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதிய தாளை எரிக்க அவர் சொல்லவில்லை, ஊருக்கு முன்னால் கத்தச் சொல்லவும் இல்லை. இங்கே எழுதக் கிடைத்தது எட்டு நிமிடம். புல்லாங்குழலுக்கு அதைவிடக் கூட நேரம் கிடைத்தது.

வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் ஒரு அம்மா நின்றார். ஐம்பத்தெட்டு, அறுபது இருக்கும். மகள் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார் போல, முதல் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் போனார், தாளை நாலாக மடித்தார், இடுப்பில் செருகியிருந்த சின்னப் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். பயிற்றுநர் மைக்கோடு பின்னால் போய், “அம்மா, பயப்படாதீங்க, போடுங்க, விட்டாத்தானே முன்னேறலாம்” என்றார். அந்த அம்மா நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, நான் விட்டா ஆர் தேடுறது?”

அவ்வளவுதான். மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. கொழும்பிலிருந்து வந்த அந்தத் தம்பிக்கு விளங்கவே நேரம் எடுத்தது, வரிசையில் நின்ற எங்களுக்கு உடனே விளங்கியது. பிறகு அவர் செய்ததுதான் எனக்குக் கோபம். மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, “பாருங்க, இதைத்தான் நாங்க எதிர்ப்பு மனநிலைன்னு சொல்றோம்” என்று அந்த அம்மாவையே பாடமாக்கிவிட்டார்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலுக்குப் பக்கத்தில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தை அறியாமல் இந்த ஊரில் ‘விட்டுவிடு’ என்று பட்டறை நடத்த எப்படி ஒருவர் வரலாம்? காணாமல் போனவருக்காகக் காத்திருக்கிறவர் கடந்த காலத்தில் இருக்கவில்லை. அவருக்கு அது இன்று காலை. போலீன் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவிமாரை 1970களில் ஆராய்ந்து, இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இந்த இழப்பு வேறு வகை, இதற்கு முடிவுகட்டச் சொல்லி ஆட்களை நெருக்கக்கூடாது, தேடிக்கொண்டே வாழ வழி பார்க்க உதவவேண்டும் என்று சொன்னவர். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம்முடைய பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதும்போது கூட்டு மனவடு என்கிறார், காயம் தனி ஆளின் தலைக்குள் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது என்று. அதை ஒரு தகர வாளிக்குள் எப்படிப் போடுவது? இது தெரியாமல் இந்த மாவட்டத்தில் மைக் பிடிப்பது ஓட்டத் தெரியாமல் பஸ் எடுப்பது மாதிரி.

என் முறை வந்தபோது நான் வெறும் தாளைப் போட்டேன். நானும் “விட்டுவிட்டேன்” என்று கத்தினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவையும் திட்டிவிட்டு இப்போது மற்றப் பக்கம் சொல்லவேண்டும், ஏனென்றால் முதல் நாள் பின்னேரத்தைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அன்று பயிற்றுநருக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அவருக்கு உதவிக்கு வந்திருந்த ஒரு பிள்ளையிடம் ஒன்றரை மணித்தியாலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். முல்லைத்தீவுப் பிள்ளை, இருபத்தாறு இருபத்தேழு வயது, மைக் பிடிக்கவே கூச்சம், கதிரைகளை வட்டமாகப் போடச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு கதிரையில் இருந்துவிட்டாள். கொப்பித் தாளை மூன்றாக மடிக்கச் சொன்னாள். முதல் பக்கத்தில், செய்ய ஆசை இருந்தும் செய்யாமல் இருக்கிற ஒரே ஒரு விசயம். நடுவில், ஏன் செய்யவில்லை என்று கேட்டால் மற்ற ஆட்களுக்கு நீங்கள் சொல்கிற காரணம். கடைசிப் பக்கத்தில், இரவில் உங்களுக்கே நீங்கள் சொல்கிற காரணம். “கடைசியை ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை அக்கா, நானும் பாக்க மாட்டன்” என்றாள்.

நான் முதல் பக்கத்தில் ‘சொந்த மில்’ என்று எழுதினேன். தூள் செய்கிறவளுக்கு மில் இல்லாதது சமையல்காரனுக்கு அடுப்பு இல்லாத மாதிரி. செத்தல் மிளகாயை வறுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏழு கிலோமீற்றர் போகவேண்டும், அங்கே எனக்கு முதல் ஒருவர் மஞ்சள் அரைத்திருந்தால் என் தூளின் நிறம் போய்விடும், சத்துமா கொண்டுபோன அன்று எனக்கு முன்னால் மிளகாய் போயிருந்தால் ஒரு பிடி அரிசி போட்டு ஓடவிட்டாலும் காரம் மணக்கும். குழந்தைப்பிள்ளைக்குக் கொடுக்கிற மா அது. இவ்வளவு தெரிந்தும் ஏன் வாங்கவில்லை? நடுப்பக்கத்தில் எழுதினேன்: இடம் இல்லை, முதல் இல்லை. அது பொய்யும் இல்லை, ஆனால் இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரத்தோடு கையில் இருந்ததையும் போட்டுக் கட்டிய வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு, மெசின் வைக்கவென்றே இறக்கியது, பத்து வருசமாக விறகு அடுக்கிக் கிடக்கிறது.

கடைசிப் பக்கத்தில் எழுதியதைச் சொல்கிறேன். அப்பாவுக்கு மில் இருந்தது. 1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது அதை அப்படியே பூட்டிவிட்டு ஓடினோம், எனக்கு அப்போது 12 வயது. சமாதானம் என்று சொன்ன காலத்தில், 2003இல், கடன்பட்டு இன்னொன்று போட்டார். 2008 கடைசியில் மீண்டும் இடம்பெயர வேண்டி வந்தபோது இந்த முறை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நிலத்தோடு இறுக்கியிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து, நாலு பேர் பிடித்து டிராக்டர் பெட்டியில் ஏற்றினார். உடுப்புப் பைகள் அதற்கு மேல், நாங்கள் பைகளுக்கு மேல். தருமபுரத்தில் இறக்கினோம், ஏற்றினோம். விசுவமடுவில் இறக்கினோம். தை மாதம் அங்கிருந்தும் கிளம்பவேண்டி வந்தபோது டீசல் இல்லை, டிராக்டர் இல்லை, அப்பா ஒரு பாலை மரத்தடியில் மெசினை வைத்துத் தரப்பாளால் மூடி, கயிறு போட்டுக் கட்டினார். கட்டிவிட்டு முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அதுதான் எனக்கு நினைவில் நிற்பது, சத்தங்கள் இல்லை, அந்த முடிச்சை இழுத்துப் பார்த்த கை. செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்த ஆட்களை வைத்திருந்த இராமநாதன் முகாமில் இருந்த காலத்திலும் அவர் அந்த மெசினைப் பற்றித்தான் கேட்பார், யாரிடம் கேட்கிறார் என்றே தெரியாமல். திரும்பி வந்து போய்ப் பார்த்தபோது பாலை மரம் மட்டும் நின்றது.

அன்றைக்கு எடுத்த முடிவு: நான் தனியாகத் தூக்க முடியாத எதையும் வாங்குவதில்லை. இது ஒரு முடிவு என்றே எனக்கு இத்தனை வருசம் தெரியாது, சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலுமாரிக்கு மேல் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, குடும்ப அட்டை எல்லாம் போட்ட பை ஒன்று எப்போதும் இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கும், கேட்கத் தேவையில்லை. என் வீடு முழுக்கவே அந்தப் பை மாதிரித்தான் இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் கதிரை, மடிக்கிற மேசை, இரண்டு கையால் தூக்கக்கூடிய தாச்சி.

அந்தப் பிள்ளை கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள், மூன்றாம் பக்கத்தில் இருப்பது எந்த வருசத்துக் காரணம், அது இந்த வருசத்துக்கும் சரிவருமா என்று. சரிவரும் என்றால் அப்படியே வையுங்கள், சரிவராது என்றால் முதல் பக்கத்துக்கு ஒரு திகதி போடுங்கள். எரி, விடு, மற என்று எதுவும் இல்லை. அந்த விசுவமடு மரத்தடியை நான் விடவேண்டியதில்லை, விடவும் மாட்டேன், அப்பாவின் கை அங்கே இருக்கிறது. அவருடைய பயத்தை என் கடைக் கணக்கை எழுத விட்டிருந்தேன், அதைத்தான் நிறுத்தவேண்டியிருந்தது. கோட் போட்ட ஆள் இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒரே வாளியில் போடச் சொல்கிறார். பரீட்சையில் கோட்டை விட்ட பெடியனுக்கும், முதலாளியிடம் பேச்சு வாங்கி வேலையை விட்ட தம்பிக்கும் அந்த வாளி உதவலாம். அந்த அம்மாவுக்கு உதவாது, எனக்கும் உதவவில்லை.

பட்டறையின் கடைசி இரண்டு மணித்தியாலம் விற்பனை, வேறொன்றும் இல்லை. இரண்டாம் கட்டப் பயிற்சி 35,000 ரூபா, அன்றே கட்டினால் 28,000. கட்டாதவர்கள் தங்கள் வளர்ச்சிக்குத் தாங்களே தடை என்று ஸ்லைடு. என் பின்னால் இருந்த ஒரு பிள்ளை காப்பைக் கழற்றலாமா என்று யோசித்ததைக் கண்டு, வெளியே கூட்டிக்கொண்டுபோய்ப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துப் பேசி நிறுத்தினேன். நுண்கடன் கட்டி அவதிப்படுகிற பெண்கள் இருக்கும் ஊரில் இப்படி அவசரப்படுத்தி விற்பது பாவம். சான்றிதழில் என் பெயரில் எழுத்துப்பிழை. திருத்தித் தருகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு இரண்டு. அதில் ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று அந்த முல்லைத்தீவுப் பிள்ளைக்கு. போகிறவர்கள் முதல் நாள் மட்டும் போங்கள், பின்னேரத்தை அவள் எடுக்கிறாளா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் யாரையாவது தேடிக்கொண்டிருக்கிற அம்மாவையோ அக்காவையோ தயவுசெய்து அனுப்பாதீர்கள். நித்திரை இல்லை, படபடப்பு, சாகலாம் போல இருக்கிறது என்றால் அரச ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அங்கே காசு கட்டத் தேவையில்லை.

என் மில் என்ன ஆனது என்று கேட்கப்போகிறவர்களுக்கு: கணக்குப் பார்த்தேன். கிழமைக்கு 40 கிலோ, அரைகூலி கிலோவுக்கு 60 ரூபா, ஓட்டோ 1,200. நாலு கிழமைக்கு 14,400 ரூபா போகிறது. மெசினும் மோட்டரும் 2 இலட்சத்து 35 ஆயிரம். கரண்ட் பில்லைக் கழித்தாலும் இரண்டு வருசத்துக்குள் போட்ட காசு கைக்கு வந்து சேரும். பாதியைத் தங்கச்சி போட்டாள், மீதி சீட்டு எடுத்தது. சாய்ப்பிலிருந்த விறகை இறக்கி, ஒன்றரை அடி வெட்டி கொங்கிறீற் போட்டு அதில் நாலு போல்ட் புதைத்தோம், ஏனென்றால் இறுக்காவிட்டால் ஓடும்போது மெசின் நடந்து போய்விடும். பொருத்த வந்த தம்பி நட்டுகளைப் பூட்டிவிட்டு, “அசையாமல் இருக்க வெல்ட் வைச்சு விடவோ அக்கா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். 19ஆம் நம்பர் ஸ்பனர் ஒன்று வாங்கி மெசினின் காலோடேயே கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.